தன் கழனிக்குக் காவல்

3 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நிலா எழுதுவது. நான், அப்பா, அம்மா மூவரும் சுகம். பாளையங்கோட்டை வெயில் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? மடத்துச் சாப்பாடு பிடிக்கிறதா? அம்மா கம்பெனி கேன்டீனில் காலை ஷிப்டுக்கு மாறிவிட்டாள். அப்பா அதே கேட்டில்தான் காவலுக்கு.

உனக்கு ஒரு சேதி. இங்கிலீஷுக்குப் புது மிஸ் வந்திருக்கிறார்கள். கனகலட்சுமி மிஸ். கோவில்பட்டிப் பக்கம். படப்பையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். போன வாரம் ஒருநாள் பாடத்தை மூடி வைத்துவிட்டு அமெரிக்காவின் கறுப்பின மக்களைப் பற்றிச் சொன்னார்கள். கப்பலில் பிடித்துக்கொண்டு போய் விற்றார்களாம். அவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் குற்றம் என்று பல ஊர்களில் சட்டமே இருந்ததாம். பின்னால் பள்ளிக்கூடம் கிடைத்தது. ஆனால் புத்தகத்தில் அவர்கள் கதை இல்லை. "புத்தகத்துல இல்லன்னா இல்லாமப் போயிருவாங்களா? அவங்களே கவிதையா எழுதிக்கிட்டாங்க பிள்ளைகளா" என்றார்கள் மிஸ்.

பின் பெஞ்சில் ஒருத்தி என்னைப் பார்த்து, "அப்ப நம்ம கருப்பியும் எழுதலாம் மிஸ்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. "எழுதட்டும். எல்லாருமே எழுதுங்க. நான் யாருன்னு ஒரு கவிதை" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். திருமலை நகர் நுழைவு வளைவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "நம்ம ஆளுங்க மின்னாடி இன்னாப்பா செஞ்சினு இருந்தாங்க?" என்று கேட்டேன். முதலில் சுற்றிலும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த வாட்டர் டேங்க் கீது பாரு, அங்கிருந்து இந்த வேப்பமரம் வரிக்கும் நம்ம கழனி. வெள்ளக்காரன் காலத்துல நம்ம ஜனத்துக்குன்னு குடுத்தது. வேற யாரும் வாங்கக் கூடாதுன்னு சட்டம்."

"அப்ப எப்டிப்பா பிளாட்டாச்சு?"

"சோத்த வச்சிட்டு வூட்டுக்குப் போ."

உனக்கு இது தெரியுமா அக்கா? எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
நிலா


19 ஜூலை 2024

அன்புத் தங்கை நிலாவுக்கு,

இயேசுவின் சமாதானம் நம் வீட்டில் தங்கட்டும். நான் சுகம். இங்கே தோட்டத்தில் கீரை போட்டிருக்கிறோம். தையல் கற்றுக்கொடுக்க மாடத்தி அக்கா என்று ஒருவர் வருகிறார். என் தையல் இன்னும் கோணல்தான். அம்மா சரியாகச் சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொள். அப்பாவுக்கு இருமல் வந்தால் அசட்டையாக விடாதே.

இந்த நவசந்நியாசப் பயிற்சி முடியும் வரை எங்களுக்குப் போன் கிடையாது என்பது உனக்குத் தெரியும். கடிதங்கள் மதர் வாசித்த பிறகுதான் உள்ளே வரும், வெளியே போகும். அதுவும் நல்லதற்குத்தான்.

கவிதைக்கு எவ்வளவோ பொருள் இருக்கிறது. மழையைப் பற்றி எழுது. நம் கோவில் மணியைப் பற்றி எழுது. அப்பாவிடம் கேட்டதை மறுபடி கேட்காதே. வேலை நேரத்தில் பேச்சுக்கொடுப்பது அவருக்கு நல்லதல்ல.

ஸ்கூல் விட்டு ஏரிக்கரை வழியாகவா வருகிறாய்? ரோட்டு வழியாக வா. சுற்றுதான், இருந்தாலும் ரோட்டு வழியாகவே வா.

ஆசீருடன்
பிரவீனா


4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும். ரோட்டு வழியாகத்தான் வருகிறேன். ஏன் என்று நீ சொல்லவில்லை. முன்பு கேட்டபோதும் சொல்லவில்லை.

மழையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. இதுதான் வந்தது. மிஸ் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். பிறகு, "சுதந்திர தின விழாவில் நீதான் வாசிக்கிறாய்" என்றார்கள். உனக்காக நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

*மணிமங்கலத்துப் போர் புத்தகத்தில் உண்டு.
வென்றவன் பெயர் உண்டு,
தோற்றவன் பெயர் உண்டு.
அந்த வருடம் நாற்று நட்டவள் பெயரை
எந்தக் கேள்வித்தாளும் கேட்கவில்லை.*

*என்னைக் கருப்பி என்று கூப்பிடுகிறவளே,
ஏரி வற்றினால் அடியில் இருக்குமே,
அந்த வண்டலின் நிறம் எனக்கு.
நீ தின்ற சோறு அதில்தான் முளைத்தது.*

*நிலத்தை விற்றபோது
நிலத்தோடு விற்றார்கள் எங்களை.
பிறகு ஒருநாள் அளந்து கொடுத்தார்கள்
ஒரு துண்டு பூமி,
இதை யாரும் வாங்கக் கூடாது என்று
சட்டம் எழுதி.*

*இப்போது அங்கே ஒரு வளைவு.
வளைவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு
காவல் இருக்கிறார் என் அப்பா,
தன் கழனிக்கு.*

நன்றாக இருக்கிறதா? அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

உன்
நிலா


12 ஆகஸ்ட் 2024

அன்பு நிலாவுக்கு,

நலம். நலம்தானே?

உன் கடிதம் இன்றுதான் என் கைக்கு வந்தது. உடனே எழுதுகிறேன். விழாவுக்கு முன் இது கிடைக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

கவிதை நன்றாக இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன். கடைசிப் பகுதியை வாசிக்காதே. வண்டலோடு நிறுத்திவிடு. அதுவே போதும், கைதட்டுவார்கள். அப்பாவின் ஸ்டூல் வேண்டாம். அந்த வளைவு வேண்டாம். காரணம் கேட்காதே, பாப்பா. ஒருமுறையாவது நான் சொல்வதைக் கேள்.

அக்கா
பிரவீனா


18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? உன் கடிதம் நேற்று வந்தது. விழா முடிந்துவிட்டது.

தலைமை விருந்தினர் யார் என்று எங்களுக்கு முன்னால் தெரியாது. கொடிக்கம்பத்துப் பக்கத்தில் கார் வந்து நின்றது. இறங்கியவர் திருமலை, நம் கழனியில் பிளாட் போட்டவர். ஸ்கூலுக்குத் தண்ணீர் மெஷின் வாங்கிக்கொடுத்தாராம். அந்தக் காருக்குப் பின்னால் வந்த ஆட்டோவிலிருந்து லட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியது நம் அப்பா.

மிஸ் ஓடி வந்து என் கையைப் பிடித்தார்கள். "வேற ஏதாவது வாசிக்கியா பிள்ள? பாரத மாதான்னு ஏதாவது?" என்றார்கள். அதற்குள் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வண்டலோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன் அக்கா. நீ சொல்லாமலேயே நினைத்தேன். ஆனால் மனப்பாடமாகிவிட்டதால் வாய் நிற்கவில்லை. காவல் இருக்கிறார் என் அப்பா என்று சொல்லும்போது அப்பாவைப் பார்த்தேன். மேடைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டு நின்றிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். யாரும் கைதட்டவில்லை. பிறகு ஒரே ஒருவர் தட்டினார். திருமலை.

பரிசு கொடுக்கும்போது என் தலையில் கை வைத்தார். சிரித்த முகம். "யார் பொண்ணும்மா நீ?"

நான் அப்பா பக்கம் பார்த்தேன்.

"சூசை பொண்ணா? நல்லா எழுதிகீற. யாரு எழுதிக் குடுத்தது?"

"நான்தான் சார்."

"அப்டியா" என்று இன்னும் சிரித்தார். கையைத் தலையிலிருந்து எடுக்கவே இல்லை. போட்டோ எடுத்து முடிக்கும் வரை அங்கேயே இருந்தது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

சாயங்காலம் அப்பா வந்தார். "நல்லாத்தான் படிச்ச" என்றார். அவ்வளவுதான். பிறகு எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். வெளியே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நம் தெருவில் யார் வீட்டிலும் பகலில் தாழ்ப்பாள் போட்டு நான் பார்த்ததில்லை.

நிலா


15 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். நீ நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். அப்பா நலம். கேட்டை மூடும்போது மாட்டிக்கொண்டு அவர் கையில் சின்னக் காயம், கட்டுப் போட்டிருக்கிறது. மற்றபடி நலம். அம்மா நலம். இங்கே நல்ல மழை. அப்பா நலமாக இருப்பதாக உனக்கு எழுதச் சொன்னார்.

இப்போது கவிதை ஒன்றும் எழுதுவதில்லை.

இனிமேல் பதிலை வீட்டு முகவரிக்குப் போட வேண்டாம். மணிமங்கலத்தில் சித்தி வீட்டுக்குப் போடு.

இப்படிக்கு
நிலா


29 செப்டம்பர் 2024

என் பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மதர் வாசிக்கவில்லை. மாடத்தி அக்காவிடம் கொடுத்து வெளியே போடச் சொல்கிறேன். இப்படிச் செய்தது இதுவே முதல் தடவை. தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

உன் கடிதத்தில் அப்பா நலம் என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய். நன்றாக இருப்பவரைப் பற்றி யாரும் அப்படி எழுதுவதில்லை. காலாண்டுத் தேர்வு நடக்கும் நேரம், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ பரீட்சை நேரத்தில் எனக்கு எழுதும் கடிதங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கவர் மேல் தாம்பரம் முத்திரை இருக்கிறது. நம் ஊர்த் தபால் பெட்டிக்குப் போக உனக்கு என்ன பயம்?

அப்பா கையில் என்ன?

கீழே மாடத்தி அக்கா வீட்டு முகவரி எழுதியிருக்கிறேன். அதற்குப் போடு. யாரும் பிரிக்கமாட்டார்கள். ஒன்றையும் மறைக்காதே. இங்கே இருந்துகொண்டு ஒன்றும் தெரியாமல் நானாகக் கற்பனை செய்வது, நீ சொல்லப்போவதைவிடக் கொடுமையாக இருக்கிறது.

அக்கா


10 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இரு. நாங்கள் சுகமாக இல்லை.

விழா முடிந்த மறுவாரம் அப்பாவை சைட் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். நாள் முழுக்க வெளியே தரையில் உட்கார வைத்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் "போ" என்றார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் திரும்பி வரும்போது ஏரிக்கரையில் பைக்கில் வந்து தள்ளிவிட்டார்கள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. அம்மா ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றாள். அப்பா, "நான்தான் வழுக்கி வுழுந்தேன்" என்றார். டாக்டரிடமும் அதையே சொன்னார். இப்போதும் கட்டுக் கையோடு அதே ஸ்டூலில் போய் உட்காருகிறார். வராவிட்டால் அதுவும் குற்றம் ஆகிவிடுமாம்.

நான் ஸ்கூலுக்குப் போவதில்லை. காலாண்டு எழுதவில்லை. தெருமுனையில் தினமும் ஒரு பைக் நிற்கிறது. ஓட்டுகிறவன் என்னை ஒன்றும் செய்வதில்லை. ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. ஒருநாள் மட்டும், அம்மா வேனில் ஏறப் போகும்போது, "அக்கா, பெரிய பொண்ணு பாளையங்கோட்டைல சிஸ்டருக்குப் படிக்கிதாமே?" என்று கேட்டானாம். உன்னைப் பற்றி அவனுக்கு யார் சொன்னது? அன்றிலிருந்துதான் உனக்கு எழுதவே பயந்தேன். இப்போது நான் சித்தி வீட்டில் இருக்கிறேன்.

அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான். நான் ஹெச்.எம். முன்னால் வந்து, கவிதையை எழுதிக்கொடுத்தது கனகலட்சுமி மிஸ் என்று சொல்ல வேண்டும். வெளியூர்க்காரி பிள்ளைகளைத் தூண்டிவிடுகிறாள் என்று மிஸ்ஸை மாற்றிவிடுவார்கள். அதோடு எங்களை விட்டுவிடுவார்களாம்.

போன சனிக்கிழமை மிஸ் இங்கே வந்தார்கள். முகமெல்லாம் வாடிப்போய், உட்காரக்கூட இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டு பேசினார்கள். "எம் பேரச் சொல்லிரு பிள்ள. எனக்கென்ன, மாத்தல் போட்டா பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவேன். நீங்க இங்கதான இருக்கணும்" என்றார்கள். பிறகு அழுதார்கள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரூம ரெண்டு தடவ பூட்டிப் பாக்கேன்."

அம்மா சொல்லிவிடு என்கிறாள். சித்தி சொல்லிவிடு என்கிறாள். அப்பா ஒன்றும் சொல்வதில்லை.

நானும் சொல்லிவிடத்தான் நினைக்கிறேன் அக்கா. ஆனால் ஒன்று தடுக்கிறது. நான் எழுதவில்லை என்று சொன்னால் அவர்கள் உடனே நம்பிவிடுவார்கள். நான்தான் எழுதினேன் என்பதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை. காலனிப் பெண்ணுக்கு யாராவது எழுதித்தான் கொடுத்திருக்க வேண்டும். நாற்று நட்டவள் பெயர் எங்கே என்று கேட்டுவிட்டு, என் பெயரை நானே அழிக்கவா?

என்ன செய்ய? சீக்கிரம் எழுது. தீபாவளிக்குப் பிறகு கூப்பிடுவார்கள்.

நிலா


20 அக்டோபர் 2024

நிலா,

சொல்லிவிடு. மிஸ் எழுதினார் என்று சொல்லிவிடு. அவரே சொல்லச் சொல்கிறார். இதில் பாவம் இல்லை. பாவம் இருந்தாலும் அதை நான் சுமக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபத்தில் மற்றவர்கள் வாய் அசைவதைப் பார்த்து நானும் அசைக்கிறேன். சிஸ்டர் ஒருவர் கதவைச் சாத்தியதற்குக்கூட உடம்பு தூக்கிப்போட்டது.

பிளஸ் டூ படிக்கும்போது ஏரிக்கரை வழியாக வருவதை நான் ஏன் நிறுத்தினேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நான் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை. அந்த பைக்குகளை எனக்குத் தெரியும் என்பதை மட்டும் நம்பு. அவை எதற்காக நிற்கின்றன என்றும் தெரியும். அப்பாவின் எலும்போடு இது நிற்கட்டும்.

கவிதை உன்னுடையதுதான். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அது போதாதா? பெயர் பிறகு கிடைக்கும். நீ இருந்தால்தானே பெயர்?

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா


14 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன்னை நல்ல உடம்போடு பார்க்கட்டும். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நாங்கள் மூவரும் உயிரோடு, ஒன்றாக இருக்கிறோம். இனி மெதுவாகப் படி.

போன வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். ஹெச்.எம். ரூமில் திருமலை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெற்றோர் கழகத் தலைவர் கோபால். மிஸ் சுவரோரம் நின்றிருந்தார்கள். அப்பா கதவுக்குப் பக்கத்தில், கட்டுக் கையோடு. உன் கடிதம் என் பையில் இருந்தது. நீ சொன்னபடி சொல்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

"ஒரு வரிதாம்மா" என்றார் ஹெச்.எம். அவர் குரலும் நன்றாக இல்லை. "மிஸ் எழுதிக் குடுத்தாங்கன்னு சொல்லிடு. நாளைக்கே கிளாஸுக்கு வந்துடு."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். சொல் என்பது போலத் தலையசைத்தார்கள். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

திருமலை சிரித்தார். "அது இன்னாத்த சொல்லப்போவுது? கேக்கவே வேணாம். காலனிப் பொண்ணுக்கு இந்தப் பேச்செல்லாம் எங்கேர்ந்து வரும்? சட்டம்ன்றா, புக்குல இல்லன்றா. எங்கள இன்னா கேனயன்னு நெனச்சிகினியா?"

"எம் பொண்ணுதான் சார் எழுதுச்சு."

யார் பேசியது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. அப்பா. அந்த மனிதர் முன்னால் அப்பா வாய்திறந்து நான் பார்த்ததே இல்லை.

"சேதி நான் சொன்னது" என்றார். "டாங்க்லர்ந்து வேப்பமரம் வரிக்கும்னு நான்தான் காட்டுனேன். இந்த மிஸ்ஸுக்கு எங்க கழனி எங்க கீதுன்னே தெரியாது. அவங்கள வுட்டுடுங்க. கேக்கறதுன்னா என்னக் கேளுங்க."

அக்கா, அவர் தைரியமாக நின்று பேசினார் என்று நினைத்துக்கொள்ளாதே. நல்ல கையால் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார்.

திருமலை சிரிப்பதை நிறுத்திவிட்டார். அப்போது நான் சொன்னேன். "நான்தான் எழுதினேன்." எனக்கே கேட்காத குரலில். கோபால், "இன்னா?" என்றார். திரும்பச் சொன்னேன். இந்தத் தடவை கேட்டிருக்கும்.

"சரி சூசை" என்று எழுந்தார் திருமலை. "நாளைலர்ந்து கேட்டுக்கு வராத." போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். மறுபடி தலையில் கை வைப்பாரோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். கார் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தேன்.

வெளியே வந்ததும் அப்பா ஸ்கூல் மரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "அப்பா, ஏம்ப்பா சொன்ன?" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "நீ வாயத் தொறந்தது பாத்தேன். பொய் சொல்லப் போற மாரி இருந்துச்சு" என்றார்.

மிஸ்ஸை விடவில்லை. உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "எழுது பிள்ள" என்றார்கள். "பயமா இருந்தா பயத்தயும் சேத்து எழுது."

காலனியில் அன்று ராத்திரியே நம் வீட்டு ஷீட் மேல் கல் விழுந்தது. ஹேமந்த் அண்ணன், அதுதான், காலனியில் வக்கீலுக்குப் படித்தவர், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுக்க வைத்தார். கை முறிந்ததும் அதில் இருக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்னும் யாரும் விசாரிக்க வரவில்லை.

இப்போது படப்பையில் ஒரு ரூமில் இருக்கிறோம், முகவரி கவர் மேல் இருக்கிறது. மாடி முழுக்கத் தெற்கத்திப் பையன்கள், கம்பெனிக்குப் போகிறவர்கள். ஒரு ஷிப்ட் வரும், ஒரு ஷிப்ட் போகும், படிக்கட்டில் எப்போதும் காலடிச் சத்தம். பக்கத்து ரூம் இசக்கிபாண்டி அண்ணன் சாவி தேடியபடி தெரியாமல் நம் கதவைத் தட்டிவிட்டார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். அப்பா எழுந்து என் முன்னால் வந்து நின்றார். "சாரி அண்ணாச்சி, ரூம் மாறிட்டு" என்று வெளியே குரல் கேட்ட பிறகும் யாரும் உட்காரவில்லை.

டிசம்பர் இரண்டாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து ஸ்கூலுக்குப் போக வேண்டும். அதே ஸ்கூல். பெயரை வெட்டுகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை, நானாக நின்றால்தான் உண்டு. பஸ்ஸில் தனியாகப் போக வேண்டும். ஸ்டாப்பில் இறங்கி ஸ்கூல் கேட் வரை ஒரு நடை இருக்கிறதே, அதை நினைத்தால்தான் பயம்.

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. கோபமா?

நிலா


21 நவம்பர் 2024

என் நிலாவுக்கு,

அம்மா, அப்பா, நீ, மூன்று பேருக்கும் என் முத்தம்.

கோபம் இல்லை. உன் கடிதத்தைத் தோட்டத்தில் உட்கார்ந்து படித்தேன். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

பிறகு மதரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாடத்தி அக்கா மூலம் கடிதம் போட்டதையும் சொன்னேன். அவரை ஒன்றும் செய்யாதீர்கள், தவறு என்னுடையது என்றேன். மதர் அந்தக் கவிதையைக் கேட்டார். ஆகஸ்டில் அவர் கை வழியாகத்தான் எனக்கு வந்தது. மறுபடியும் வாங்கிப் படித்தார். "இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கிறது உங்க அப்பாவா?" என்றார்.

"ஆமா மதர்."

"இத நான் முதல்ல படிச்சப்போ கவிதைன்னு நெனச்சேன்" என்றார்.

வீட்டுக்குப் போக அனுமதி கேட்டேன். நீண்ட நாள் வெளியே இருந்தால் நவசந்நியாசத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், அது தெரியுமா என்றார். தெரியும் என்றேன். மறுபடி சேர்த்துக்கொள்வது சபையின் முடிவு, என் கையில் இல்லை என்றார். அதுவும் தெரியும் என்றேன். "அப்ப எப்பக் கிளம்புற?" என்றார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை கிளம்புகிறேன். ஞாயிறு காலையில் வந்துவிடுவேன். திங்கட்கிழமையிலிருந்து நீ தனியாகப் போக வேண்டாம். பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்காருவேன். ஸ்டாப்பிலிருந்து கேட் வரை நானும் நடப்பேன். சாயங்காலம் கேட்டில் நிற்பேன்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று எண்ணாதே. அந்த ரோட்டில் கால் வைப்பதை நினைத்தால் இங்கேயே பயமாக இருக்கிறது. பைக் நின்றால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. ஓடமாட்டேன் என்று உனக்கு உறுதி சொல்ல முடியாது. ஓடினால் உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுவேன், அது மட்டும் நிச்சயம்.

அப்பாவைப் பஸ் நிலையத்துக்கு வரச் சொல்லாதே. தாம்பரத்தில் இறங்கி நானே ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். விடிந்தும் விடியாமலும் இருக்கும். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் பயந்துவிடாதீர்கள். கீழ்ப்படியிலிருந்தே உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஏறுவேன். கதவைத் தட்டும்போதும் நிறுத்தமாட்டேன். நீ திறக்கும் வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

அக்கா
பிரவீனா